மகளுக்குப் போட்டிக் கைத்துப்பாக்கி: நான்கு இலட்சத்துக்குள் எதை வாங்கலாம்?

உப்புவெளித் தந்தை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 17 வயது. விடுமுறையில் கொழும்பில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு கழகத்தில் 10 மீற்றர் எயார் பிஸ்டல் (காற்றழுத்தத்தால் இயங்கும் கைத்துப்பாக்கி) பழகத் தொடங்கியவள், ஒன்றரை வருடமாக மாதத்தில் இரண்டு தடவை இரவு ரயிலில் போய்வந்து பயிற்சியை விடாமல் செய்கிறாள். அங்குள்ள பயிற்றுநர், அவளுக்குக் கை நிதானம் இயல்பாகவே இருக்கிறது என்றும், கழகத்தின் பொதுத் துப்பாக்கியை இன்னும் பலருடன் பங்குபோட்டுக்கொண்டிருந்தால் முன்னேற்றம் இதற்கு மேல் போகாது என்றும் சொல்லிவிட்டார்.

என்னால் ஒதுக்கக்கூடிய தொகை நான்கு இலட்சம் ரூபாய். மூன்று வழிகள் தெரிகின்றன. ஜேர்மனியில் இருக்கும் மைத்துனர், 2012இல் செய்யப்பட்ட ஸ்டெயர் எல்பி 10 ஒன்று 700 யூரோவுக்குக் கிடைக்கிறது என்கிறார். புதிதாக வாங்குவதென்றால் ஹெமர்லி ஏபி 20 வகை சுமார் 1000 யூரோ வருகிறது. மூன்றாவது, நெம்புகோலை இழுத்துக் காற்றை அடைக்கும் பழைய ரஷ்யத் தயாரிப்பான இஷ் 46 எம்; மற்ற இரண்டுக்கும் வேண்டிய அழுத்தக் காற்றுச் சிலிண்டர் அதற்குத் தேவையில்லை, திருகோணமலையில் அந்தக் காற்றை நிரப்ப வழியில்லை, ஆகவே அதுதான் வசதி என்று ஒருவர் சொன்னார். எது சரி?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். என் அம்மா 1990இல் எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு இடம்பெயர்ந்தவர். வீட்டுக்குள் துவக்கு என்ற சொல்லையே அவர் விரும்புவதில்லை. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதும் எனக்கு ஒரு கேள்விதான்.

உவர்மலையான் (பதில்)

ஐயா, நான் நமது ஊரவன். கொழும்பில் பத்து வருடங்களுக்கு மேல் இந்த விளையாட்டில் இருந்தவன். விலைக்கு முன்னால் அனுமதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காற்றில் இயங்குவது என்பதற்காக இதை யாரும் விளையாட்டுச் சாமானாக நினைக்கக்கூடாது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி கையில் வராமல் வெளிநாட்டிலிருந்து இதைக் கொண்டுவந்தால் பொருள் சுங்கத்தில் நின்றுவிடும். கொண்டுவந்தவரும் விளக்கம் சொல்ல நேரிடும். ஆகவே மைத்துனர் அன்போடு பயணப்பெட்டியில் வைத்து எடுத்துவர முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழகத்தின் கடிதத்தோடு, கழகத்தின் ஊடாக விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைக்கும்வரை யாருக்கும் ஒரு யூரோ கூட முற்பணம் அனுப்பவேண்டாம்.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். நீங்கள் கேட்ட மூன்றில் எது நல்லது என்பதைவிட, எது உங்கள் மகளின் கைக்குப் பொருந்தும் என்பதே எனக்கு முதல் கேள்வி. போட்டி விதிப்படி ஒற்றைக் கையால் மட்டுமே பிடித்துச் சுடவேண்டும். மணிக்கட்டுக்கு எந்த முண்டும் கொடுக்கமுடியாது. 10 மீற்றருக்கு அப்பால் இருக்கும் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர்தான். கைப்பிடி உள்ளங்கையில் ஒரு மயிரிழை தளர்வாக இருந்தாலும், ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி சற்று மாறி, குழாய் முனையிலுள்ள முன்குறி, கண்ணுக்குக் கிட்டவுள்ள பின்குறியின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும். பிள்ளை தன் விசைவிரலைக் குறைசொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் பாடுபடுவாள். பிழையோ மரப்பிடியில் இருக்கும். நான் இப்படி இரண்டு வருடங்களை இழந்தேன். பெரிய அளவுப் பிடியுள்ள துப்பாக்கியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட்டு, என் புள்ளிகள் ஏன் 540ஐத் தாண்டவில்லை என்று இரவெல்லாம் யோசித்தேன். சரியான அளவுப் பிடியை மாற்றிப்போட்ட பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

பிடிகள் மிகச் சிறியது முதல் பெரியது வரை பல அளவுகளில், வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியாக வருகின்றன. மகளின் உள்ளங்கையைத் தாளில் வைத்துக் கோடு கீறி, அளவோடு மைத்துனருக்கு அனுப்புங்கள். விற்பவரிடம் இருப்பது நடுத்தர அளவும் மகளுக்குத் தேவை சிறியதுமாக இருந்தால், புதிய பிடிக்கான செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளவேண்டும். பிடி சற்றுப் பெரிதென்றால் மரத்தைச் சீவலாம். சிறிதென்றால் மரப்பசை வைத்து நிரப்பலாம். அதைப் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

2012ஆம் ஆண்டு ஸ்டெயர் பற்றி: எல்பி 10 ஒஸ்ரியத் தயாரிப்பு, சூட்டின் உதைப்பை உள்ளேயே தணிக்கும் அமைப்புடையது, விசை மிக நுட்பமாகச் சரிசெய்யக்கூடியது. நன்றாகப் பேணப்பட்ட ஒன்று உங்கள் மகளுக்கு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதன் காற்றுச் சிலிண்டருக்கு ஆயுள் 10 வருடம். உற்பத்தித் திகதி சிலிண்டரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியோடு வந்த பழைய சிலிண்டர்தான் இன்னும் இருக்கிறதென்றால் அது 2022இலேயே காலாவதியாகிவிட்டது. உலகத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிப்படி, காலாவதியாகாத சிலிண்டரைப் பயன்படுத்துவது போட்டியாளரின் பொறுப்பு. புதிய சிலிண்டர் ஒன்று 100 யூரோவைத் தாண்டும். காற்றுக் கசிவைத் தடுக்கும் இறப்பர் வளையங்களையும் இந்த வயதில் மாற்றவேண்டியிருக்கும். ஆகவே 700 என்று சொல்லப்படுவது உண்மையில் 900க்குக் கிட்ட வரும். அப்போதும் அது மோசமான பேரமல்ல.

இஷ் 46 எம்மைக் குறைவாகச் சொல்ல மனமில்லை. அதன் துல்லியத்தை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் நெம்புகோலை ஒருமுறை முழுவதும் இழுத்து அடைக்கவேண்டும். தகுதிச் சுற்று 75 நிமிடங்களில் 60 சூடுகள். அதற்கு முன் 15 நிமிடம் ஒத்திகைச் சூடுகள். ஏறத்தாழ எண்பது தடவை இழுத்த தோள், கடைசிப் பத்துச் சூடுகளில் நடுங்கத் தொடங்கும். பெண்களுக்கு 40 சூடுகள் என்று இருந்த காலத்தில் ஓரளவு சமாளிக்கலாம். 2018 முதல் அவர்களுக்கும் 60தான்.

கடைகளில் நிஜத் துப்பாக்கி போலவே தோற்றமளிக்கும், இரும்புக் குண்டு போடும் மலிவான வாயுத் துப்பாக்கிகளின் பக்கமே போகவேண்டாம். அவற்றின் குழாயில் சுரிவரைகள் (சன்னத்தைச் சுழலவைக்கும் உட்புறக் கோடுகள்) இல்லை; இந்தப் போட்டிக்கு அவை எந்த வகையிலும் உதவாது.

நிலாவெளி சுழியோடி (பதில்)

அண்ணா, சிலிண்டர் காற்று திருகோணமலையில் கிடைக்காது என்று உங்களுக்குச் சொன்னவர் நம்மை மறந்துவிட்டார் போலும். புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச்செல்லும் சுழியோடும் நிலையங்களில் தினமும் சிலிண்டர்களை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்புகிறோம். இந்தத் துப்பாக்கிகளுக்கும் அதே 200 பார்தான் தேவை. நமது சாதாரண சுழியோடுச் சிலிண்டர் 11 லீற்றர் கொள்ளளவு உடையது. துப்பாக்கியின் சிலிண்டர் ஒரு லீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவு. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒருமுறை நிரப்பும்போது பெரிய சிலிண்டரில் ஒன்று முதல் இரண்டு பார்தான் குறையும். ஒரு சிலிண்டரை வாடகைக்கு எடுத்தால் பல வாரங்களுக்குப் போதும். நிலையங்களில் உள்ள வால்வு பெரும்பாலும் கவ்விப் பிடிக்கும் வகை. துப்பாக்கியோடு வரும் இணைப்பானோ திருகும் வகை. இடையில் போடும் மாற்றியை ஜேர்மனியிலேயே சேர்த்து வாங்கச் சொல்லுங்கள்.

மெதுவாக நிரப்பவேண்டும், அவசரப்பட்டால் சிலிண்டர் சூடாகி, ஆறிய பிறகு அழுத்தம் குறைந்து நிற்கும். ஒட்சிசன் சிலிண்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தவேண்டாம், வெடித்துவிடும். இணைப்பில் பெற்றோலிய எண்ணெயும் பூசக்கூடாது. உப்புவெளிக் கடற்காற்றில் உருக்கு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பயிற்சி முடிந்ததும் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு பெட்டியில் வையுங்கள்.

பாடசாலை ஆசிரியை, திருகோணமலை (பதில்)

உங்கள் அம்மாவிடம் மறைக்கவேண்டாம். பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவரைக் கழகத்துக்கு ஒருமுறை அழைத்துப்போய், பேத்தி சுடும்போது பின்னால் ஒரு கதிரையில் உட்காரவைத்துவிடுங்கள். என் மகன் இதே விளையாட்டில் சேர்ந்தபோது என் மாமியார் அழுதார். அங்கே போய், பிள்ளைகள் ஒவ்வொரு சூட்டுக்கும் மூச்சை அடக்கி அசையாமல் நிற்பதையும், துப்பாக்கியில் சன்னம் இல்லை என்று காட்டும் செம்மஞ்சள் பாதுகாப்பு நூல் குழாய் வழியே வெளியே தெரிவதையும், கட்டளை வராமல் யாரும் கையால்கூட அவற்றைத் தொடாததையும் பார்த்த பிறகு அவர் அமைதியானார். விரும்பினார் என்று சொல்லமாட்டேன். வீட்டில் ஈயச் சன்னமே வேண்டாம். சன்னம் இல்லாமல் விசையை மட்டும் பழகும் வசதி பெரும்பாலான போட்டித் துப்பாக்கிகளில் இருக்கிறது. சுவரில் ஒரு வெள்ளைத் தாள் போதும். பெட்டியின் திறப்பு உங்களிடம் இருக்கட்டும். கழகத்தில் சன்னத்தைத் தொட்ட பிறகு கைகழுவாமல் சாப்பிடக்கூடாது என்பதையும் மகளுக்குப் பழக்குங்கள்.

உப்புவெளித் தந்தை (பதில்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மகளின் கையை அளந்து அனுப்பினேன். அவளுக்குச் சிறிய அளவுப் பிடி வேண்டும், விற்பவரிடம் இருப்பது நடுத்தரம். சிலிண்டரில் பொறித்திருப்பது 2012தான். பிடியும் சிலிண்டரும் வளையங்களும் சேர்ந்தால் புதிய ஹெமர்லியின் விலைக்கே வந்துவிடுகிறது. அப்படியானால் புதியதையே வாங்கலாமா? அதில் உதைப்பைத் தணிக்கும் அமைப்பு இல்லை என்று மைத்துனர் தயங்குகிறார்.

உவர்மலையான் (பதில்)

புதியதை வாங்குங்கள், ஐயா. இந்தத் துப்பாக்கியில் சன்னத்தின் எடை அரைக் கிராம் அளவுதான். அதன் உதைப்பு உங்கள் மகளின் இன்றைய புள்ளிகளைத் தீர்மானிக்கப்போவதில்லை. சிறிய பிடியோடு கேட்டு வாங்குங்கள். சிலிண்டருக்கும் முழு ஆயுள் இருக்கும். மொத்த எடை விதியின் எல்லையான 1500 கிராமுக்குள் இருக்கும். இலேசாக இருப்பதும் இந்த வயதுத் தோளுக்கு நல்லது. விசையின் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான பளு, 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. சற்று மேலாக வைத்துக்கொண்டால் போட்டிக்கு முன் நடைபெறும் சோதனையில் கவலை இல்லை. மிஞ்சும் பணத்தில் இரண்டு மூன்று வகைச் சன்னங்களில் ஒவ்வொரு டப்பா வாங்கி, எது அந்தக் குழாயில் நெருக்கமாக விழுகிறது என்று கழகத்தில் சோதித்துப் பாருங்கள். அனுமதி விண்ணப்பத்தில் துப்பாக்கியின் வகையைக் குறிப்பிடவேண்டிவரும் என்பதால், இந்த முடிவை முதலில் பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள்.