உப்பைக் குறைத்ததும் டிஎன்ஏ சிக்னல் தலைகீழாகிறது: துளை கெட்டுவிட்டதா?

கேள்வி:
வணக்கம். சிலிக்கான் நைட்ரைடு சவ்வில் 10 நானோமீட்டர் துளை, இரண்டு பக்கமும் பொட்டாசியம் குளோரைடு உப்புக் கரைசல். மின்னழுத்தம் கொடுத்து, லாம்டா டிஎன்ஏ (ஒரு வைரஸின் டிஎன்ஏ) இழைகளைத் துளை வழியாக அனுப்பி மின்னோட்டத்தை அளக்கிறேன். உப்புச் செறிவு 1 மோலாராக இருந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. இழை நுழைந்தால் மின்னோட்டம் இறங்கும், வெளியேறியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். 100 மில்லிமோலாருக்கு மாற்றியதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஏறுகிறது! துளையை அடைத்தால் குறையத்தானே வேண்டும்? துளை கெட்டதென்று இரண்டு சிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்றாவதும் இப்படியே. உதவுங்கள்.

பதில் 1:
மின்னழுத்தம் நேரா, எதிரா? எதிர் மின்னழுத்தத்தில் அளந்தால், திரையில் கோடு மேலே போனாலும் மின்னோட்டம் குறைகிறது என்றுதான் அர்த்தம். டிஎன்ஏ போடாமலும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
நேர் மின்னழுத்தம்தான். டிஎன்ஏ இல்லாவிட்டால் கோடு அசையவே இல்லை.

பதில் 2:
அப்படியானால் துளை நன்றாகவே இருக்கிறது, இனி சிப்பை எறியாதீர்கள். டிஎன்ஏ இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை, அயனிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

ஒரே ஒரு கார இணையை, அதாவது டிஎன்ஏ ஏணியின் ஒரு படியை, எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 0.34 நானோமீட்டர், விட்டம் சுமார் 2.2. அந்த இடத்தில் 1 மோலார் கரைசல் இருந்திருந்தால் பொட்டாசியமும் குளோரைடும் சேர்ந்து ஏறக்குறைய 1.5 அயனி இருக்கும். 100 மில்லிமோலாரில் வெறும் 0.15. ஆனால் அதே கார இணையில் பாஸ்பேட் இரண்டு. அவற்றின் எதிர்மின்சுமையை ஈடுகட்ட, கரைசலில் உப்பு எவ்வளவு இருந்தாலும், இரண்டு பொட்டாசியம் அயனி கூடவே வரும். அவற்றில் பெரும்பகுதி இழையோடு ஒட்டிக்கொள்கிறது. மின்னோட்டத்துக்கு உதவுவது சுமார் 0.6 அளவுதான் என்று வைத்தாலும் கணக்கு தெளிவு: 1.5 போய் 0.6 வந்தால் இறக்கம், 0.15 போய் 0.6 வந்தால் ஏற்றம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு 2006இல் இதைக் காட்டியது. திசை மாறுவது ஏறக்குறைய 0.4 மோலாரில். அந்த இடத்தில் கவனம் தேவை: போகும் அயனியும் வரும் அயனியும் சமமாகிச் சிக்னல் மறைந்துவிடும், ஆனால் டிஎன்ஏ போய்க்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம், துளையின் விட்டத்தை 1 மோலாரிலேயே கணக்கிடுங்கள். உப்பு குறைந்தால் சுவரின் மின்சுமை இழுத்துவரும் அயனிகளும் மின்னோட்டத்தில் சேர்ந்து, துளை பெரிதாகிவிட்டதுபோலக் காட்டும்.

கேட்டவர்:
இன்று அதே மூன்றாவது சிப்பில் பார்த்தேன். 400 மில்லிமோலாரில் கோடு கிட்டத்தட்ட தட்டை. கழுவி மறுபடி 1 மோலார் ஊற்றினேன், பழைய இறக்கம் அப்படியே திரும்பி வந்தது. மிக்க நன்றி!