தாத்தா வீட்டுக் குழுவில் ஆங்கிலத் தாள்

அம்மா, மாலை 6.48
அண்ணி, வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன. திருப்புதல் தேர்வில் மற்ற பாடங்களில் எல்லாம் எழுபதுக்கு மேல் வாங்கியிருப்பவன், ஆங்கிலத்தில் மட்டும் 38 வாங்கியிருக்கிறான். விடைத்தாளைப் படம் எடுத்து மேலே போட்டிருக்கிறேன். 35 எடுத்தால் தேர்ச்சி என்று அவன் சொல்லிக்கொண்டு திரிவதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது.

பெரிய அத்தை, மாலை 7.05
படத்தை முழுவதும் பார்த்தேன். மனப்பாடப் பாடலில் ஒரு பிழைகூட இல்லை. பாடத்திலிருந்து கேட்ட பத்திகளையும் ஓரளவு எழுதியிருக்கிறான். மதிப்பெண் போயிருப்பது இலக்கணத்திலும் சொல்வளத்திலும்தான். மருமகனே, நீ இருக்கிறாயா? இந்தக் குழுவில் நாம் முழு வாக்கியங்களில் எழுத வேண்டும் என்று உன் தாத்தா வைத்த வழக்கத்தை விடாமல், உனக்கு எங்கே குழப்பம் என்று நீயே எழுது.

நான், மாலை 7.09
இருக்கிறேன், அத்தை. வழிகாட்டி நூலில் உள்ள இணைச்சொற்கள், எதிர்ச்சொற்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். ஆனால் தேர்வில் அதே சொல் வேறொரு வாக்கியத்தில் வந்தால் பொருள் பிடிபடுவதில்லை. இலக்கணத்தில் விதிகள் தெரிகின்றன. எழுதும்போது கை தானாகவே தவறாகப் போய்விடுகிறது.

பெரிய அத்தை, மாலை 7.18
முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: கை தானாகப் போவதில்லை, உன் தமிழ்தான் அந்தக் கையைப் பிடித்து எழுதுகிறது. சில இடங்களில் அது உன்னைக் காப்பாற்றும், சில இடங்களில் காலை வாரிவிடும். எது எந்த இடம் என்று பிரித்துத் தெரிந்துகொள்வதுதான் இந்த மூன்று வாரங்களில் நீ செய்ய வேண்டிய வேலை. உன் விடைத்தாளிலேயே சான்று இருக்கிறது. நீ 'எ ஹானஸ்ட் மேன்' என்றும் 'அன் யுனிவர்சிட்டி' என்றும் எழுதியிருக்கிறாய். ஏன் அப்படி எழுதினாய்?

நான், மாலை 7.20
ஆங்கிலத்தில் ஐந்து உயிரெழுத்துகளுக்கு முன்னால் 'அன்' வர வேண்டும் என்று படித்தேன், அத்தை. யுனிவர்சிட்டி 'யு' என்ற உயிரெழுத்தில் தொடங்குகிறது. ஹானஸ்ட் 'எச்' என்ற மெய்யெழுத்தில் தொடங்குகிறது.

அக்கா, மாலை 7.24
தம்பி, கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிப்பவள் என்ற உரிமையில் குறுக்கிடுகிறேன். 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' என்று நாம் எழுதுவதில்லையா? உயிருக்கு முன் ஓர், மெய்யோடு தொடங்கும் சொல்லுக்கு முன் ஒரு. ஆங்கிலத்தில் உள்ளதும் ஏறத்தாழ அதே முறைதான். ஆனால் அங்கே கண்ணால் பார்க்கும் எழுத்தை நம்பக் கூடாது, காதில் விழும் ஒலியைத்தான் நம்ப வேண்டும்.

பெரிய அத்தை, மாலை 7.33
மருமகளே, சரியான இடத்தைத் தொட்டாய். நான் வகுப்பில் ஓர் உத்தி வைத்திருந்தேன். ஐயம் வந்தால், அந்த ஆங்கிலச் சொல்லை உச்சரிப்பு மாறாமல் தமிழ் எழுத்தில் மனத்துக்குள் எழுதிப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்து ஒலியை ஒளித்துவைக்காது. யுனிவர்சிட்டியைத் தமிழில் எழுதினால் முதலில் வருவது 'யு'. அது யகர மெய்யோடு சேர்ந்த எழுத்து, ஆகவே 'எ'. ஹானஸ்ட் என்று நாம் எழுதிப் பழகிவிட்டாலும் ஆங்கிலேயர் அதை 'ஆனஸ்ட்' என்றுதான் உச்சரிக்கிறார்கள். முதலில் வருவது 'ஆ', ஆகவே 'அன்'. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலி 'அவர்' என்பதால் 'அன் அவர்'. ஒன்றைக் குறிக்கும் சொல்லின் ஒலி 'வன்' என்பதால், ஒரு ரூபாய் நோட்டைச் சொல்லும்போது 'எ வன் ருபீ நோட்'. குடைக்கு 'அன் அம்ப்ரெல்லா', சீருடைக்கு 'எ யூனிஃபார்ம்'. இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் தமிழில் எழுதினால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

நான், மாலை 7.36
இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை, அத்தை.

சித்தப்பா, இரவு 7.41
அக்கா, எங்கள் காலத்தில் இரண்டு ஆங்கிலத் தாள்கள் இருந்தன. இப்போது எப்படிக் கேட்கிறார்கள்? எந்தப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் என்று தெரிந்தால், அவனுக்கு நாள் ஒதுக்கிக் கொடுக்கலாம்.

பெரிய அத்தை, இரவு 7.52
தம்பி, 2019-20 கல்வியாண்டிலிருந்து மொழிப்பாடங்களுக்கு ஒரே தாள்தான். மூன்று மணி நேரம், நூறு மதிப்பெண்கள். அதற்கு முன் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடமும் விவரங்களை நிரப்ப ஐந்து நிமிடமும் தருகிறார்கள். முதலில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள் வரும். இணைச்சொல், எதிர்ச்சொல், பன்மை, முன்னொட்டு பின்னொட்டு, சுருக்கக் குறியீடு, தொடர்வினை, கூட்டுச்சொல், முன்னிடைச்சொல், காலம், இணைப்புச்சொல் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். அடுத்து இரண்டு மதிப்பெண் பகுதியில் இலக்கணத்தில் ஐந்து கேட்டு மூன்று எழுதச் சொல்வார்கள். வழிகாட்டும் வரைபட வினா கட்டாயம். பிழை நீக்கி எழுதும் வினா, கடிதம், அறிவிப்பு, விளம்பரம் முதலியன ஐந்து மதிப்பெண் பகுதியில் வரும். பாடத்தை நெட்டுருப் போடாமலேயே, மொழி தெரிந்தால் எடுக்கக்கூடிய மதிப்பெண்கள் இவை. இவற்றை விட்டுவிட்டு 35-ஐ எண்ணிக்கொண்டிருப்பது, விளைந்த வயலை அறுக்காமல் விட்டுவிட்டுக் கடன் வாங்கி அரிசி வாங்குவது போன்றது, மருமகனே.

நான், இரவு 7.55
மன்னித்துவிடுங்கள், அத்தை. இனி அப்படிச் சொல்ல மாட்டேன். தொடர்வினைகளைத்தான் எனக்கு மனப்பாடமே செய்ய முடியவில்லை. 'புட்' என்றால் வை என்று தெரியும். 'ஆஃப்' என்ன என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் ஏன் வேறு பொருள் வருகிறது என்றுதான் புரியவில்லை.

பெரிய அத்தை, இரவு 8.04
'தள்ளிப்போடு' என்று நாம் சொல்லும்போது எதையாவது கையால் தள்ளுகிறோமா, கீழே போடுகிறோமா? 'புட் ஆஃப்' என்பதன் பொருள் அதுவேதான். 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதும் கொடுப்பதும் பழைய பொருளில் இல்லை. 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்றால் கண்ணால் பார்த்துக்கொண்டே இரு என்று பொருளில்லை, பேணிக் காக்கச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் பார்த்தல் வினையை வைத்தே 'லுக் ஆஃப்டர்' என்கிறார்கள். நம் துணைவினை செய்யும் வேலையை அங்கே ஒரு சிறு இடைச்சொல் செய்கிறது. எனவே ஒவ்வொரு தொடர்வினைக்கும் பக்கத்தில் ஆங்கில விளக்கத்தை எழுதாதே. நம் வீட்டில் வழங்கும் தமிழ்ச் சொல்லை எழுது. 'கிவ் அப்' என்பதற்குக் கைவிடு, 'புட் அப் வித்' என்பதற்குப் பொறுத்துக்கொள், 'புட் அவுட்' என்பதற்குத் தீயை அணை. அதன்பின் அவற்றை வைத்து நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி வாக்கியம் எழுது. வாக்கியத்தில் வாழாத சொல் தேர்வறையில் நினைவுக்கு வருவதில்லை.

அக்கா, இரவு 8.09
கூட்டுச்சொல்லுக்கும் இது பொருந்தும். 'வாக்கிங் ஸ்டிக்' என்பதைத் தமிழில் ஊன்றுகோல் என்கிறோம். ஊன்றிய கோல், ஊன்றுகின்ற கோல், ஊன்றும் கோல் என்று முக்காலத்துக்கும் பொருந்துவதால் அது வினைத்தொகை. வினையும் பெயரும் சேர்ந்து ஒரு பொருளின் பெயராவது அவனுக்குப் புதிதன்று. தமிழ்த் தாளில் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.

அம்மா, இரவு 8.12
நேர்க்கூற்று, அயற்கூற்றில் இரண்டு வினாவும் தவறு என்று போட்டிருக்கிறார்கள், அண்ணி. தமிழில் அவன் அதை நன்றாகவே எழுதுகிறான்.

பெரிய அத்தை, இரவு 8.25
தமிழ் காலை வாரிவிடும் இடம் அதுதான். 'எனக்குக் காய்ச்சலாக இருக்கிறது என்று அவன் சொன்னான்' என்று நாம் சொல்கிறோம். அவன் சொன்னது நேற்று. ஆனாலும் உள்ளே 'இருக்கிறது' என்று நிகழ்காலம் அப்படியே நிற்கிறது, 'எனக்கு' என்பதுகூட மாறவில்லை. 'என்று' என்ற ஒரு சொல் அவன் பேச்சை ஒரு பெட்டியில் வைத்துத் தூக்கி வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெட்டி இல்லை. சொன்னவன் இறந்தகாலத்தில் சொல்லியிருந்தால் உள்ளிருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போக வேண்டும்: 'ஹி செட் தட் ஹி ஹேட் எ ஃபீவர்.' இங்கே 'ஹேவ்' என்பது 'ஹேட்' ஆகிறது, 'ஐ' என்பது 'ஹி' ஆகிறது. 'டுமாரோ' என்றால் 'தி நெக்ஸ்ட் டே', 'நவ்' என்றால் 'தென்'. ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது போன்ற என்றும் மாறாத உண்மையை ஆசிரியர் நேற்றுச் சொல்லியிருந்தாலும் நிகழ்காலத்திலேயே விட்டுவிட வேண்டும்.

வினா வாக்கியத்துக்கு மட்டும் தமிழ் உதவும். 'வருவாயா' என்பது போல ஆகார ஈற்றில் முடியும் வினாவாக இருந்தால் ஆங்கிலத்தில் 'இஃப்' அல்லது 'வெதர்' போடு. எங்கே, எப்போது, ஏன் என்று வினாச்சொல் இருந்தால் அந்தச் சொல்லே இணைப்பாக நிற்கும், வேறொன்றும் வேண்டாம். நீ விடைத்தாளில் 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதியிருக்கிறாய். அயற்கூற்றான பிறகு அது வினா அன்று, செய்தி. ஆகவே எழுவாய் முன்னே வர வேண்டும்: 'வேர் ஐ வாஸ் கோயிங்.'

நான், இரவு 8.31
பிழை நீக்கும் பகுதியில் 'ஐ அம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்ற வாக்கியத்தைச் சரியென்று நினைத்து விட்டுவிட்டேன். இதுவும் தமிழ் செய்த வேலையா, அத்தை?

பெரிய அத்தை, இரவு 8.40
ஆம். 'பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அது நமக்கு முற்றிலும் சரி. ஆங்கிலமோ, முன்பே தொடங்கி இன்றுவரை வரும் செயலுக்கு 'ஹேவ் பீன் லிவிங்' என்று தனி வடிவம் வைத்திருக்கிறது. வினை தவறினாலும் 'ஃபார்', 'சின்ஸ்' இரண்டில் நீ தவற வேண்டியதில்லை. தமிழில் 'ஆக' வந்தால் 'ஃபார்'. 'முதல்' அல்லது 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. பத்து ஆண்டுகளாக, மூன்று நாள்களாக என்பவை கால அளவு. 2015 முதல், திங்கட்கிழமையிலிருந்து என்பவை தொடக்கப்புள்ளி.

இன்னொன்று, நம் ஏழாம் வேற்றுமை 'இல்'. மேசையில், பையில், பேருந்து நிலையத்தில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே உருபு போதும் என்பதால், நம் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 'இன்' போட்டுவிடுகிறார்கள். மேல்பரப்பென்றால் 'ஆன்', உள்ளே என்றால் 'இன்', குறிப்பிட்ட ஒரு புள்ளி என்றால் 'அட்'. அதே போல 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று எழுதத் தோன்றும். 'டிஸ்கஸ்' தன்னோடு எந்த முன்னிடைச்சொல்லையும் சேர்த்துக்கொள்ளாது.

சித்தப்பா, இரவு 8.46
அக்கா, தனி வாக்கியம், கூட்டு வாக்கியம், கலவை வாக்கியம் என்று மாற்றச் சொல்வதும் இருக்கிறது அல்லவா? எனக்கு அன்றைக்கும் அது வரவில்லை.

பெரிய அத்தை, இரவு 8.55
முற்றுவினையை எண்ணிப் பார்த்தால் வந்துவிடும், தம்பி. 'மழையிலும் அவன் பள்ளிக்கு வந்தான்' என்பதில் ஒரே வினை. ஆங்கிலத்தில் 'இன் ஸ்பைட் ஆஃப் தி ரெய்ன், ஹி கேம் டு ஸ்கூல்.' இது தனி வாக்கியம். 'மழை பெய்தது, ஆனால் அவன் வந்தான்' என்பதில் தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்கள் 'பட்' என்ற சொல்லால் இணைகின்றன. இது கூட்டு வாக்கியம். 'மழை பெய்தாலும் அவன் வந்தான்' என்பதற்கு 'ஆல்தோ இட் ரெய்ன்ட், ஹி கேம் டு ஸ்கூல்'. முதல் பகுதி தனித்து நிற்காமல் அடுத்ததன்மேல் சாய்ந்திருப்பதால் இது கலவை வாக்கியம். 'ஆல்தோ' போட்ட பிறகு 'பட்' போடக் கூடாது என்பதை நான் விதியாகச் சொல்வதே இல்லை. 'மழை பெய்தாலும் ஆனால் அவன் வந்தான்' என்று யாராவது தமிழில் பேசுவார்களா என்று கேட்பேன். வகுப்பு முழுவதும் இல்லை என்று தலையசைக்கும்.

அம்மா, இரவு 8.59
எனக்கே புரிகிறது, அண்ணி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

பெரிய அத்தை, இரவு 9.03
அப்படியென்றால் நீயே அவனுக்குத் தினமும் தேர்வு வைக்கலாம். தமிழ் வாக்கியத்தை நீ சொல், ஆங்கிலத்தில் அவன் எழுதட்டும். எழுதியதைப் படம் எடுத்து இங்கே போட்டால் நான் திருத்துகிறேன். வரைபட வினாவுக்கு, பேருந்து நிலையத்திலிருந்து தாத்தா வீட்டுக்கு வழி சொல்லச் சொல். நடந்து பழகிய தெரு என்பதால் இடம் எது, வலம் எது என்று குழம்பமாட்டான். செயப்பாட்டு வினையை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். செயப்படுபொருள் குன்றிய வினைக்குச் செயப்பாட்டு வினை கிடையாது என்பதை மட்டும் இன்றே தமிழ் நூலில் ஒரு முறை பார்த்து வை. இன்றைக்கு மருமகன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கற்றதை வைத்துத் தன்னைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் எழுத வேண்டும்.

நான், இரவு 9.21
எழுதிவிட்டேன், அத்தை. 'ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் இன் திஸ் ஸ்கூல் சின்ஸ் 2021. ஐ அம் எ எஸ்.எஸ்.எல்.சி. ஸ்டூடண்ட்.'

பெரிய அத்தை, இரவு 9.23
முதல் வாக்கியம் முழுவதும் சரி. இரண்டாவதைத் தமிழ் எழுத்தில் இன்னொரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்.

நான், இரவு 9.26
'எஸ்' என்று எகரத்தில் தொடங்குகிறது. 'ஐ அம் அன் எஸ்.எஸ்.எல்.சி. ஸ்டூடண்ட்.' அப்படியானால் சித்தப்பாவும் 'அன் எல்.ஐ.சி. ஏஜென்ட்' தானே, அத்தை?