தைப்பிங்குக்கு டிக்கெட் எவ்வளவு?
(மலேசியா, சுங்கை சிப்புட்: எங்கள் வீட்டு அரட்டைக் குழு)

மாலதி: அக்கா, பாப்பா பையில் ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகம் இருக்கிறது. நீதான் கொடுத்தாயாமே? அதில் ஓர் அக்காளும் தம்பியும் வீட்டை விட்டு ஓடிப்போகிறார்கள். பாப்பா காலையில் வந்து, தைப்பிங்குக்கு ரயில் டிக்கெட் எவ்வளவு என்று கேட்கிறாள்!

தம்பி: 😂😂 தைப்பிங்கில் என்ன?

மாலதி: மியூசியமாம்.

அண்ணன்: பேராக் மியூசியமா? 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. ஆனால் எதிரே ஜெயில் இருக்கிறது என்று பாப்பாவிடம் சொல்.

அக்கா: மாலதி, பதறாதே. அது கோனிக்ஸ்பர்க் எழுதிய ‘ஃப்ரம் தி மிக்ஸ்ட்-அப் ஃபைல்ஸ் ஆஃப் மிசஸ் பேசில் ஈ. ஃப்ராங்க்வைலர்’. 1967இல் வந்தது. மறு வருடமே நியூபெரி பதக்கம். அமெரிக்காவில் பிள்ளைகள் புத்தகத்துக்கு அதுதான் பெரிய பரிசு.

அண்ணன்: பெயரைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் ஓடியே போய்விடுவார்கள் போல.

மாலதி: பரிசு வாங்கினால் சரியாகிவிடுமா? ஓடுவதற்கு வழி சொல்லிக் கொடுக்கிறதே அக்கா. அந்தக் கதை அக்காள் வயலின் பெட்டியில் துணியை அடைத்துக்கொண்டு கிளம்புகிறாள். குப்பைக்கூடையில் ரயில் டிக்கெட் கிடைக்கிறது.

அக்கா: ஆமாம், அந்த டிக்கெட்டில் பெரியவர் ஒருவர் ஒரு தடவை போகலாம். சிறுவருக்குப் பாதிக் கட்டணம், அதனால் இருவரும் அதிலேயே போய்விடுகிறார்கள். எவ்வளவு அழகான கணக்கு! அக்காள் கிளாடியாவுக்கு 12 வயது ஆகப்போகிறது, தம்பி ஜேமிக்கு 9. அவனை ஏன் கூட்டிப்போகிறாள் தெரியுமா? அவனிடம் 24 டாலர் 43 சென்ட் இருக்கிறது. பஸ்ஸில் சீட்டு விளையாடி, ஏமாற்றிச் சேர்த்தது.

தம்பி: எனக்குப் பிடித்த பையன்.

அண்ணன்: எங்கே தங்குகிறார்கள்?

அக்கா: நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில், அண்ணே. மூடும் நேரத்தில் கழிப்பறைக் கோப்பை மேல் ஏறி நின்று, தலையைக் குனிந்து காவலாளிக்குத் தப்புகிறார்கள். ராத்திரி பழங்காலத்துக் கட்டிலில் தூக்கம். குளியல், சாப்பாட்டுக் கடை நீரூற்றில். அதில் மக்கள் போட்ட சில்லறையையும் பொறுக்கிக்கொள்கிறார்கள்.

அண்ணன்: நம் தோட்டத்தில் ஓடிப்பார். இரண்டு நிரை கித்தா (ரப்பர்) மரம் தாண்டுவதற்குள், “யார் மகன் நீ, இங்கே என்ன பண்றே?” என்று ஒருவர் காதைப் பிடித்து லயத்து வீட்டுக்கு இழுத்து வந்துவிடுவார். ஒட்டுக்கடைக்காரர் அப்பாவுக்கு முன்பே சொல்லியிருப்பார்.

தம்பி: அனுபவம் பேசுகிறது 😄

மாலதி: சிரிக்காதீர்கள். பெற்றவர்கள் துடித்துப்போவார்கள் என்ற நினைப்பே இல்லையா அந்தப் பிள்ளைகளுக்கு?

அக்கா: கடிதம் போடுகிறார்கள், கவலைப்படாதீர்கள் என்று. அது போதாதுதான், அந்த இடத்தில் எனக்கும் உன் கோபம் வந்தது. ஆனால் அவள் ஏன் கிளம்பினாள் என்று பார்த்தாயா?

மாலதி: முழுதாக இன்னும் படிக்கவில்லை.

அக்கா: முதல் சில பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு பிள்ளைகளில் அவள்தான் மூத்தவள், ஒரே பெண். ஒரே ராத்திரி அவளே பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலி பண்ணி, அவளே சாப்பாட்டு மேசையில் தட்டுகளையும் எடுத்துவைக்க வேண்டும். தம்பிகள் மூவருக்கும் ஒரு வேலையும் கிடையாது.

மாலதி: ...

தம்பி: மாலதிக்கா, உங்கள் வீட்டில் தட்டு கழுவுவது யார்?

மாலதி: பாப்பாதான். பையன்களுக்கு டியூஷன் இருக்கிறது.

அக்கா: பாப்பாவுக்கும் இருக்கிறது.

அண்ணன்: இது எனக்கும் சேர்த்து வருகிற மாதிரி இருக்கிறதே. அம்மா தோட்டத்தில் கித்தா மரப் பால்வெட்டுக்குப் போன பிறகு நம் வீட்டில் சோறு வடித்தது யாரம்மா?

அக்கா: உங்களுக்கே தெரியும் அண்ணே. நானும் ஓடியிருப்பேன், காசு வைத்திருந்த தம்பி ஒருவனும் இல்லை.

தம்பி: எனக்கு அப்போது மூன்று வயதுக்கா!

மாலதி: சரி சரி. டிக்கெட் கேட்டவளை இப்போது கூப்பிட்டுப் பேசினேன். அடுத்த விடுமுறையில் எல்லோரும் சேர்ந்து போகலாம் என்றேன். “சொல்லிவிட்டுப் போனால் என்னம்மா இருக்கிறது” என்கிறாள்.

அக்கா: கிளாடியாவேதான். அவளும் சும்மா திரும்பமாட்டாள். அங்கே ஒரு தேவதைச் சிலை, மைக்கேலேஞ்சலோ செதுக்கியதா என்ற சந்தேகம். அந்த ரகசியம் தெரியாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள்.

அண்ணன்: செதுக்கியது அவர்தானா?

அக்கா: படியுங்கள் அண்ணே.

மாலதி: இன்று ராத்திரி தட்டு கழுவுவது பெரியவன் முறை என்று சொல்லிவிட்டேன். ஒரு தட்டுக்கு இருபது சென் கேட்கிறான்.

தம்பி: கொடுக்காதீர்கள் அக்கா. அவன் காசு சேர்த்துவைத்தால் பாப்பாவுக்கு ஜேமி கிடைத்துவிடுவான் 😂