வரப்புல பின்னுன ரெண்டு பாம்பு: சாரையும் நல்லபாம்புமா, ரெண்டும் சாரையா?

பிசானக்காரன் (சேரன்மகாதேவி பக்கம்)

பிசான அறுப்பு முடிஞ்சு மூணாம் நாள். கன்னடியன் கால்வாய் மடையை ஒட்டின எங்க வரப்புல ரெண்டு பாம்பு கயிறு முறுக்குன மாதிரி பின்னிக்கிட்டு, தொடை உயரத்துக்கு எழும்பி நின்னுச்சு. சாயும், திரும்ப எழும்பும். அரை மணி நேரம் நடந்தது. ஒண்ணு பழுப்பு, இன்னொண்ணு கொஞ்சம் கறுப்பு. எங்க பெரியப்பா புதுத்துண்டு எடுத்துட்டு வரச் சொன்னாவ. அது மேல போட்டு எடுத்துப் பூசையில வச்சா வீட்டுல பணம் தங்குமாம். அதுக்குள்ள பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோட ஓடி வந்துட்டாரு. "சாரையும் நல்லதும் சேருது, விட்டா குஞ்சு பூரா விஷமா வரும்"னு வெட்டப் போனவரை நான்தான் மறிச்சேன். வீடியோ போட்டிருக்கேன், பாருங்க. சாரை ஆண், நல்லது பெண்ணுன்னு ஊருல எல்லாரும் சொல்லுதாவளே, அது நிஜமா?

பொதிகைத்தூறல் (பாபநாசம்)

மறிச்சதுக்கு முதல்ல ஒரு கும்பிடு தம்பி. வீடியோவை நாலு தடவை பாத்தேன். ரெண்டுமே சாரை. ரெண்டுமே ஆண். அது சேர்க்கையே இல்ல, மல்லுக்கட்டு.

பக்கத்துல பொட்டைச் சாரை ஏதாவது இருந்திருக்கும். அதுக்காக ரெண்டு கடுவனும் மோதுது. ஒண்ணு தலையை இன்னொண்ணு தரையில அமுக்கப் பாக்கும். கடிக்காது, ரத்தம் வராது. தோத்தது விலகி ஓடிரும், அவ்வளவுதான். நிஜமா இணை சேரும்போது இப்படி நிமிர்ந்து ஆடாது, தரையோட தரையா கிடக்கும். நல்லபாம்பு ஆண்களும் தங்களுக்குள்ள இதே மாதிரி மோதும்.

சாரையில ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நல்லதுலயும் அப்படித்தான். ரெண்டும் வேற வேற குடும்பம், ஒண்ணுக்கொண்ணு சேராது. சாரை முட்டையில இருந்து சாரைதான் வரும், அதுக்கு விஷப்பல்லே கிடையாது.

அரைக்கோட்டை விதைப்பாடு (மேலச்செவல்)

தம்பி, நான் 50 வருஷமா வயல்ல கிடக்கவன். எங்க அய்யாவும் தாத்தாவும் சொன்னதை ஒரு வீடியோவைப் பாத்துத் தள்ளிற முடியாது. அந்தக் கறுப்பு கழுத்தை விரிச்சதை நானே அதுல பாத்தேன். படமெடுக்காத சாரைக்குக் கழுத்து எப்படி விரியும்? படிச்சவுக காட்டுக்குள்ள போயி ரெண்டு மாசம் பாத்துட்டு எழுதுதாவ. நாங்க தினமும் பாக்கோம்.

இன்னொண்ணும் சொல்லுதேன். பாம்பு பின்னிக்கிட்டு இருக்கையில அடிச்சா ஏழு தலைமுறைக்குப் பாவம்னு சொல்லி வச்சதால தப்பிச்ச பாம்பு எத்தனை! அந்த நம்பிக்கையை உடைச்சுட்டா மண்வெட்டியை யாரு தடுப்பா?

பொதிகைத்தூறல்

அண்ணாச்சி, கழுத்து விசயத்துல நீங்க பாத்தது சரி, அர்த்தம்தான் வேற. சாரைக்குக் கோவம் வந்தா கழுத்தை உப்ப வைக்கும், நாய் மாதிரி உறுமவும் செய்யும். ஆனா அது மேலுங்கீழுமா உப்புறது, பக்கத்துல இருந்து பாத்தா மட்டும் அகலமாத் தெரியும். நல்லபாம்பு விலா எலும்பை ரெண்டு பக்கமும் விரிச்சு முறம் மாதிரி படம் எடுக்கும். வீடியோவுல 40வது நொடியில கறுப்பு நேரா நம்ம பக்கம் திரும்புது. அங்க நிறுத்திப் பாருங்க. முறம் இருக்கா?

பாவம்ங்குற நம்பிக்கை பாம்பைக் காப்பாத்துனது உண்மை, அதை நான் மறுக்கல. ஆனா பக்கத்து வயல்காரர் மண்வெட்டி தூக்குனதுக்கும் அதே கதைதானே காரணம்? நல்லதோட புருசன்னு நினைச்சுத்தான் சாரையைக் கொல்லுதாவ. நம்ம வயல்ல எலி பண்ணுற சேதம் உங்களுக்குத் தெரியாததா? கதிரை அறுத்து வளைக்குள்ள கொண்டு போயிரும், வரப்பைத் துளைச்சுத் தண்ணியை ஒழுக விடும். எலிக்கிட்டி வச்சு ஒரு ராத்திரியில எத்தனை பிடிப்பிய? சாரை வளைக்குள்ளயே போயி குஞ்சோட முழுங்கிரும்.

கல்லிடை மருமகள்

இங்க எல்லாரும் பாம்பைப் பத்தி ஆசையா பேசுதிய. நான் வேற பக்கத்துல இருந்து வாரேன்.

எங்க சித்தி ஒரு கோடையில புழுக்கம் தாங்காம தரையில பாய் விரிச்சுப் படுத்தாவ. விடியக்காலம் வயித்து வலி, கண் இமை தூக்க முடியல. கடிச்ச இடம்கூடத் தெரியல. கட்டுவிரியன் கடிச்சா வலிக்காதுன்னு எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. முதல்ல மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனாவ. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூச்சு திணறிடுச்சு. அவ்வளவுதான்.

2000ல இருந்து 2019 வரை இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவுக வருஷத்துக்கு சராசரி 58,000 பேருன்னு ஒரு ஆய்வு சொல்லுது. இதுல "சாரை பாவம், விஷமில்ல"ன்னு நீங்க எழுதுறதைப் படிச்சுட்டு ஒரு பையன் கட்டுவிரியனைப் போயி தொட்டா? வெள்ளிக்கோல் வரையன்னு ஒண்ணு இருக்கு, விஷமில்லாதது. கட்டுவிரியனைப் போலவே உடம்புல வெள்ளை வளையம். டார்ச் வெளிச்சத்துல ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல உங்களால முடியுமா?

பொதிகைத்தூறல்

முடியாது அக்கா. பகல்லயே தள்ளி நின்னுதான் சொல்லுவேன். உங்க சித்திக்கு நடந்தது மனசைப் பிசையுது. நான் சொல்லுறது "தொடு"ன்னு இல்ல, "அடிக்காதே, தள்ளி நில்லு"ன்னுதான். தரையில படுக்குறவுக கொசுவலையைப் பாய்க்கு அடியில சொருகிக்கிட்டுப் படுக்கணும், ராத்திரி டார்ச் இல்லாம இறங்கக் கூடாது. கடிச்சா மந்திரம், கீறல், கட்டு எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காம நேரா ஆஸ்பத்திரி.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலோட விஷத்துக்கும் சேத்துத்தான் நம்ம ஊரு மருந்து தயாராகுது. அதுக்கான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துக் கொடுக்குறது மாமல்லபுரம் பக்கத்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978ல ஆரம்பிச்சது. விஷத்தை எடுத்துட்டு அந்தப் பாம்பைத் திரும்பக் காட்டுலயே விட்டுருவாவ. மருந்துக்கே பாம்பு வேணும் அக்கா.

மணிமுத்தாறு அணைக்கரை

நான் கேள்விப்பட்டது: பாம்புக்குக் காதே கிடையாது, சுத்தச் செவிடு. மகுடிக்கு ஆடுறது பூரா பொய்.

பொதிகைத்தூறல்

பாதி சரி. வெளிக்காதும் செவிப்பறையும் இல்ல, ஆனா உள்காது உண்டு. தரையில வர்ற அதிர்வு தாடை எலும்பு வழியா அங்க போகும். காத்துல வர்ற தாழ்ந்த ஓசையும் கொஞ்சம் எட்டும். மகுடிக்கு முன்னால அது ஆடுறது பாட்டுக்காக இல்ல, அசையுற மகுடி மேல வச்ச கண்ணை எடுக்காம பின்தொடருது. "செவிடு"ங்குறதும் இன்னொரு கட்டுக்கதையா ஆகிறக் கூடாது.

கதையை விட நிஜம் பெருசுங்கதுக்கு ஒண்ணு சொல்லுதேன். பூந்தொட்டியைத் தூக்கினா மண்புழு மாதிரி கறுப்பா, ஒரு சாண் நீளம்கூட இல்லாம ஒண்ணு நெளியும், பாத்திருப்பிய. பிள்ளைக புழுன்னு நினைச்சு மிதிக்கும். அது பாம்பு, எறும்பு முட்டையும் கரையான் குஞ்சும் தின்னும். அதுல ஆணே கிடையாது. உலகத்துல எங்கயும் ஒரு ஆணைக் கண்டதில்ல. ஆண் துணை இல்லாமத் தாயே முட்டை போடும், வர்றதெல்லாம் தாயைப் போலவே பொட்டை. ஒண்ணே ஒண்ணு செடித்தொட்டி மண்ணோட கப்பல் ஏறுனா போதும், போன நாட்டுல ஒரு வம்சமே உண்டாயிரும். அப்படித்தான் உலகம் பூரா பரவிருக்கு. சாரை ஆண், நல்லது பெண்ணுன்னு நம்ம கட்டுன கதை இதுகிட்ட நிக்குமா?

மணிமுத்தாறு அணைக்கரை

அப்போ கொம்பேறி மூக்கன்? கடிச்சுட்டு, சுடுகாட்டு மரத்துல ஏறி நின்னு பிணம் எரியுற புகையைப் பாத்துட்டுத்தான் இறங்கும்னு எங்க ஆச்சி சொல்லுவா.

பொதிகைத்தூறல்

முதுகுல வெண்கலக் கோடு ஓடுற ஒல்லிப் பாம்பு அது. ஓணான், தவளை தின்னும். மனுசனுக்கு ஆபத்தில்ல. மரத்துலயே வாழுறது மரத்துலதான் நிக்கும். கண்ணைக் கொத்தும்னு சொல்லுற பச்சைப்பாம்பும் அப்படித்தான். அது முட்டை போடாது, குட்டி போடும். மண்ணுளியையும் சேத்துக்கோங்க. ஆபத்து வந்தா தலையை மறைச்சு மொட்டை வாலைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். அதை இருதலைப் பாம்புன்னு சொல்லி லட்சக்கணக்குல விலை பேசி ஏமாத்துறாவ, பாம்பு சாகுது.

அரைக்கோட்டை விதைப்பாடு

40வது நொடியில நிறுத்திப் பாத்தேன். பேத்தியை வச்சுப் பெரிசாக்கியும் பாத்தேன். முறம் இல்ல. ரெண்டு தலையும் ஒரே அச்சு, ஒரே பெரிய உருண்டைக் கண்ணு. சரி, இந்த ரெண்டும் சாரைன்னு ஒத்துக்கிடுதேன். எங்க அய்யா பாத்ததும் இதுதானான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவுக பொய் சொல்லுறவுக இல்ல, அதை மட்டும் யாரும் சொல்லிறக் கூடாது.

பொதிகைத்தூறல்

சத்தியமா சொல்லமாட்டேன் அண்ணாச்சி. அவுக பாத்ததும் நிஜம்தான். தூரத்துல நின்னு பாத்தா, உப்புன கழுத்தை யாருமே படம்னுதான் சொல்லுவா.

கல்லிடை மருமகள்

அடிக்காம விடுறதுக்கு நானும் சம்மதம், வீட்டுக்குள்ள வராத வரைக்கும். வந்துட்டா என்ன செய்யணும்னு முதல்ல எழுதுங்க. எங்க தெருவுல பாதிப் பேருக்கு யாரைக் கூப்பிடணும்னே தெரியாது.

பொதிகைத்தூறல்

வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ போன் அடிங்க, தீயணைப்புக்கு 101. அவுக வர்ற வரைக்கும் பிள்ளைகளை வெளியேத்திட்டு, பாம்பு எங்க போகுதுன்னு ஒருத்தர் மட்டும் தள்ளி நின்னு கண் வச்சிருந்தா போதும்.

பிசானக்காரன்

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குக் காலையில இன்னொண்ணு. மாட்டுக்கு எடுக்க வைக்கப்படப்பைப் பிரிக்கையில அடியில முட்டை, எண்ணினா 11. கோழி முட்டை மாதிரி ஓடு இல்ல, நனைஞ்ச காகிதம் மாதிரி தோல். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. சாரையோடதா? எடுத்து வேலியோரம் வைக்கலாமா?

பொதிகைத்தூறல்

கையை வைக்காதீங்க தம்பி! முட்டையை மட்டும் பாத்து சாரையா நல்லதான்னு சொல்ல முடியாது. நல்லபாம்புத் தாய் முட்டைக்குப் பக்கத்துலயே காவல் கிடக்கும். புரட்டினாலும் உள்ள இருக்குற குஞ்சு சாகலாம். பிரிச்ச வைக்கலை அப்படியே மேல மூடிட்டு, மாட்டை வேற இடத்துல கட்டுங்க. வனத்துறைக்குச் சொல்லியாச்சா?

பிசானக்காரன்

மூடிட்டேன். மாட்டைத் தொழுவுக்கு மாத்திக் கட்டியாச்சு. போன் போட்டிருக்கேன், மத்தியானம் வாறேன்னாவ. பெரியப்பா படப்புக்குத் தள்ளி நாற்காலி போட்டு உக்காந்திருக்காவ, யாரையும் கிட்ட விடல.