புதுப்பிப்பு: ‘விடாது கருப்பு’ பார்த்து முடித்தேன்

‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’ தொடரை மறுபடி பார்த்தால் சிறுவயது மயக்கம் கலைந்துவிடுமோ என்று முன்பு கேட்டிருந்தேன். தைரியமாகப் பாருங்கள் என்றீர்கள். கடலூர் முதுநகரில் அக்கா வீட்டில், இருவருமாகப் பார்த்து முடித்துவிட்டோம்.

பயம் குறைந்திருக்கிறது, மதிப்பு பல மடங்கு கூடியிருக்கிறது. 1990களில் சன் தொலைக்காட்சியில் குதிரைக் குளம்பொலி கேட்டதுமே போர்வைக்குள் புகுந்துகொள்வோம். அதனால் கதையைப் பாதிதான் பார்த்திருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிகிறது! கதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன், ஊரின் கருப்பசாமி நம்பிக்கையையும் மனநல மருத்துவத்தையும் நேருக்கு நேர் நிறுத்துகிறார். எதையும் ஏளனம் செய்யவில்லை. நாகாவின் இயக்கத்தில் அவசரமே இல்லை. தேவதர்ஷினியின் நடிப்பை அக்கா இன்னும் சிலாகித்துக்கொண்டிருக்கிறாள்.

முடிவைச் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கள். அடுத்து, அதே ‘மர்மதேசம்’ வரிசையில் நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிய ‘ரகசியம்’. அக்கா மகளும் எங்களோடு உட்காரப் போகிறாள்.