ரேக் சூடு: உங்களுக்கு என்ன நடந்தது?

ராக்கோழி_மதுரை
ஏசி 20-இல் ஓடுகிறது. ஆனாலும் ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) உச்சியில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்ச், உள்ளே வரும் காற்று 43 டிகிரி என்று அலாரம் அடித்தபடியே இருந்தது. வெண்டர் ஆள் வந்து ஃபேனை மாற்றினார், அப்புறம் சுவிட்சையே மாற்றினார். அதே கதை. கடைசியில் ஒரு டிஷ்யூ பேப்பரை ரேக்கின் முன்பக்கம் பிடித்துப் பார்த்தேன். சர்வர்கள் அதை இழுத்து ஒட்டிக்கொண்டன. சுவிட்ச் இருந்த உயரத்துக்குப் போனதும் பேப்பர் என் முகத்துக்கே பறந்து வந்தது, கூடவே சுடுகாற்று. கேபிள் போட வசதியாக சுவிட்சின் போர்ட் பக்கத்தை (கேபிள் செருகும் பக்கம்) பின்னால் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். ஃபேனோ போர்ட் பக்கம் இழுக்கும் வகை. சர்வர்கள் கக்கிய சூட்டைத்தான் இத்தனை நாளும் குடித்துக்கொண்டிருந்தது.

கிண்டிக்காரன்
எல்லா இடத்திலும் ஃபேன் திசைதான் காரணம் என்று நினைக்காதீர்கள். எங்களிடம் திசை எல்லாம் சரி, ரேக் நடுவில் ஏழெட்டு யூ (ரேக்கின் உயர அளவு) காலி. பின்னால் வரும் சூடு அந்தச் சந்து வழியாக முன்னால் திரும்பி, மேல் சர்வருக்குள் போனது. பிளாங்கிங் பேனல் (காலி இடத்தை மூடும் தகடு) கேட்டால் பர்சேஸில் "வெறும் தகட்டுக்கா இவ்வளவு?" என்றார்கள். சர்வர் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி டேப் போட்டு ஒட்டினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இன்லெட் (உள்ளே போகும் காற்று) 34-இலிருந்து 27. அட்டை தீப்பிடிக்கும், தெரியும், யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். அந்த 27-ஐக் காட்டித்தான் பேனலே வாங்கினேன்.

சங்கு_கோவை
சனிக்கிழமை கரண்ட் போய் வந்தது. சர்வர்கள் யூபிஎஸ்ஸில் தப்பின. ஏசிக்கு ஆட்டோ ரீஸ்டார்ட் கிடையாது, போனது போனதுதான். திங்கள் காலை வாட்ச்மேன், "சார், ரெண்டு நாளா உள்ள பிளேன் கிளம்புற மாதிரி சத்தம்" என்றார். கதவுப் பிடியில் கை வைக்க முடியவில்லை.

பழைய_ஏசி_மெக்கானிக்
எங்கள் ரூமில் டிரெயின் பைப் அடைத்து, தண்ணீர் நேராக யூபிஎஸ் மேல் சொட்டியது. என் கதை அவ்வளவுதான். ஆனால் பொதுவாக ஒன்று சொல்லணும். ரிமோட்டில் 16 வைத்தால் தீராது. ஆஷ்ரே (அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கம்) பரிந்துரைப்படி கருவிக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி. அதை ரேக் முகப்பில் அளக்கணும், சுவரில் அல்ல. சர்வர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும். யூபிஎஸ் காட்டும் கிலோவாட் லோடை 3.5-ஆல் வகுங்கள், அத்தனை டன் வேண்டும், அதற்கு மேல் ஒரு ஏசி உபரி, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்ட டைமர். முன்பக்கம் கண்ணாடிக் கதவா? கழற்றிவிட்டு ஓட்டை போட்ட கதவு மாட்டுங்கள். பின்பக்கக் கேபிள் மூட்டை காற்றை அடைக்கும், அதையும் ஒதுக்கிக் கட்டுங்கள். இன்டோர் யூனிட்டை ரேக்குக்கு நேர் மேலே மாட்டவே கூடாது.

ராக்கோழி_மதுரை
அண்ணே, டன் கணக்கை யாரும் கேட்கவில்லை, எங்களிடம் அது தாராளம். சுவிட்சைத் திருப்பி மாட்டினால் கேபிள் எட்டாது. எதிர்த்திசை ஃபேன், பவர் சப்ளை (அதிலும் ஃபேன் உண்டு) இரண்டுக்கும் கோட்டேஷன் கேட்டிருக்கிறேன், ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் எதிரெதிராக ஊதும். வெண்டர் இன்னமும் ஏசியை 18-க்குக் குறைக்கச் சொல்கிறார்.