கன்ஃபவுண்டர்: ‘விரவுக்காரணி’ சரிப்படுமா?

வணக்கம். ‘கன்ஃபவுண்டர்’ (confounder) என்பதற்கு, அதாவது காரணம் என்று சந்தேகிப்பதோடும் விளைவோடும் ஒட்டியிருந்து இல்லாத தொடர்பை இருப்பதுபோல் காட்டும் மூன்றாவது காரணிக்கு, இந்த மடற்குழுவில் தமிழ்ச் சொல் தேடிவருகிறோம். என் இப்போதைய பரிந்துரை ‘விரவுக்காரணி’; வந்த யோசனைகளுக்கு என் பதில் கீழே.

> ‘குழப்பக்காரணி’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. பொதுச் சுகாதார ஆய்வில் குழப்புவதெல்லாம் கன்ஃபவுண்டர் இல்லை. தவறாக நிரப்பிய படிவமும் குழப்பும், பாதியில் விலகிப்போனவர்களும் குழப்புவார்கள். இதற்கு மட்டுமே உரிய குணம் பெயரில் தெரிய வேண்டும்.

வகுப்பில் நான் போடும் கணக்கு ஒன்று; எண்கள் கற்பனை. காபி குடிப்பவர்கள் 1,000 பேர், குடிக்காதவர்கள் 1,000 பேர். முதல் குழுவில் 600 பேர் புகைப்பவர்கள், இரண்டாவதில் 200 பேர்தான். புகைப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காபிக்கு இதில் பங்கே இல்லை. கூட்டிப் பாருங்கள்: காபிக் குழுவில் 64 நோயாளிகள், மற்றதில் 28. ‘காபியால் புற்றுநோய் இரண்டு மடங்கு’ என்று தலைப்புச் செய்தியே போட்டுவிடலாம்! புகைப்பவர்களையும் மற்றவர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. புகைப்பழக்கம் காபியோடும் ஒட்டியிருக்கிறது, நோயோடும் ஒட்டியிருக்கிறது. இந்த இருபக்க ஒட்டுதான் அதன் அடையாளம்.

போன மடலில் ‘மயக்கக்காரணி’ என்றவன் நான்தான். மூலச் சொல்லின் லத்தீன் வேர் ஒன்றாக ஊற்றிக் கலப்பதைக் குறிக்கும். நம் இலக்கணத்திலும் மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்றால் கலப்புதான். பிரமாதமான பொருத்தம் என்று நினைத்தேன். என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி தன் தமிழ்ச் சுருக்கத்தில் ‘மயக்கக்காரணிகளை நீக்கிய பிறகு’ என்று எழுதினார். படித்த மருத்துவப் பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி: “எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள்?” சரி, வாபஸ்.

அதனால்தான் இப்போது விரவுக்காரணி. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரை விரவுப்பெயர் என்கிறோம். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது. பெயரை மட்டும் வைத்துச் சாத்தன் மனிதனா எருதா என்று சொல்ல முடியாது; வினைமுற்று வந்தால்தான் பிரியும். கலப்பு என்ற பொருளும் இருக்கிறது, இரண்டு பக்கமும் உரியது என்ற பொருளும் இருக்கிறது. (ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம், கிழிந்துவிடும்.) கிளைச்சொற்களும் சிக்கலின்றி வருகின்றன: விரவல் (confounding), விரவல் நீக்கிய மதிப்பு (adjusted estimate), எஞ்சிய விரவல் (residual confounding).

> ‘இடைக்காரணி’ இன்னும் எளிது.

அது மீடியேட்டருக்குத்தான், அதாவது காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே நின்று ஒன்றை இன்னொன்றுக்குக் கடத்துவதற்குத்தான், பொருந்தும். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது, அதனால் பக்கவாதம் வருகிறது. இங்கே ரத்த அழுத்தம் வழியில் நிற்பது. அதையும் விரவல் என்று எண்ணிக் கணக்கிலிருந்து நீக்கினால், உப்பு செய்த வேலையில் பெரும்பகுதியை நாமே அழித்துவிடுவோம். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் மாணவர்கள் இதைத்தான் செய்வார்கள்.

விரவல் எவ்வளவு பெரிய ஆட்களையும் ஏமாற்றும். மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்தால் இதய நோய் குறையும் என்று அவதானிப்பு ஆய்வுகள் (யார் மாத்திரை எடுப்பது என்று ஆய்வாளர் முடிவு செய்யாமல், நடப்பதைக் கவனிக்க மட்டும் செய்பவை) பல சொல்லிவந்தன. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் சேர்த்து எடுத்தவர்களிடம் இதய நோய் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. முன்பு தாமாகவே மாத்திரை எடுத்தவர்கள் பொதுவாக வசதியும் உடல்நல அக்கறையும் கூடியவர்கள் என்பது சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. மாத்திரை தொடங்கிய வயதையும் சிலர் சொல்கிறார்கள், அது தனிக் கதை.

ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: கன்ஃபவுண்டிங் பை இண்டிகேஷன் (இண்டிகேஷன் என்றால் ஒரு மருந்தை எழுதிக் கொடுப்பதற்கான காரணம்). நோய் முற்றியவர்களுக்கே ஒரு மருந்தை எழுதிக் கொடுப்பதால், அந்த மருந்தே ஆளைக் கொல்வதுபோல் தெரிவது. ‘நோய்க்குறி விரவல்’ என்று போட்டுப் பார்த்தேன். நோய்க்குறி என்றாலே எல்லோரும் சிம்ப்டம் என்று நினைப்பார்கள். யாராவது கைகொடுங்கள்.